மேனேஜர் சாப்பிட்ட சனிக்கிழமை

எங்கள் வீட்டில் நான் இரண்டாவது மருமகள். மூத்த மருமகள் மீன் தொட்டி கழுவுகிறவள். சாப்பிடுகிற மீன் இல்லை, கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கிற கலர் மீன். துணிக்கடை, வங்கி, வக்கீல் ஆபீஸ், நாலைந்து வீடுகள் என்று மொத்தம் பதினொரு தொட்டிகள் அவள் பொறுப்பு. வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொன்றாகப் போவாள். ரப்பர் குழாயை வாயால் உறிஞ்சிப் பழைய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை இறக்குவாள். கண்ணாடியில் படிந்த பாசியைத் தேய்த்து, ஃபில்டர் பஞ்சைப் பிழிந்து, புதுத் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவாள். ஊரில் எல்லாருக்கும் அவள் தொட்டியக்கா. எனக்கு ஓரகத்தி, ஆனால் கூப்பிடுவது அக்கா என்றுதான். இத்தனை தொட்டி கழுவுகிறவள் வீட்டில் ஒரு தொட்டி கூடக் கிடையாது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

ஓரகத்திகள் இருவர் ஒரே அடுப்படியில் இருந்தால் அக்கம்பக்கத்தார் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள். பதினாறு வருஷமாக அவர்களுக்கு ஏமாற்றம்தான். அதற்குக் காரணம் என் பொறுமை என்று நினைத்துவிட வேண்டாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அக்காவோடு சண்டை போட முடியாது, அவ்வளவுதான். நாம் கத்தினால் எதிராளியும் கத்த வேண்டாமா? அவள் கத்த மாட்டாள். பேசாமல் ஒன்றைச் செய்வாள், இல்லாவிட்டால் பேசாமல் ஒன்றைச் செய்யாமல் விடுவாள்.

ஒருநாள் மூத்தார், அதாவது அவள் கணவர், "தண்ணி மாத்துறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டார். விளையாட்டாகத்தான் கேட்டார். மறுநாள் காலையில் எங்கள் எல்லாருக்கும் குளிக்க, குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. மூத்தாருடைய வாளியும் செம்பும் மட்டும் காலி. அன்றைக்கும் காலி, அடுத்த நாளும் காலி. மூன்றாவது நாள் மனிதர் முகமெல்லாம் சோப்பு நுரையோடு குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "வேலைதான் தாயே, பெரிய வேலைதான்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதன் பிறகு அவள் தொழிலைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

நான் ஒரு பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறேன். அங்கே தொட்டி கழுவும் வேலையை அக்காவுக்கு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். நாலு வருஷம் இருக்கும். நோயாளிகள் காத்திருக்கும் அறையில், ஆறடி நீளத் தொட்டி, அதன் இடது மூலை என் மேசையை ஒட்டினாற்போல். அதற்குள் ஒரே ஒரு மீன். அரவானா என்பார்கள். வந்தபோது உள்ளங்கை அளவுதான் இருந்தது. இப்போது என் கை நீளம். செதில் ஒவ்வொன்றும் வெள்ளித் தகடு மாதிரி மின்னும். கீழுதடு மேலுதட்டைத் தாண்டித் துருத்திக்கொண்டிருக்கும், அதன் நுனியில் இரண்டு மீசை. தாமதமாக வேலைக்கு வந்தவர்களைப் பார்க்கிற மாதிரியே உலகத்தைப் பார்க்கும். மேனேஜர் என்று பெயர் வைத்தது நான்.

டாக்டர் நல்ல மனிதர். ஊசி போட்டதே தெரியாமல் போடுவார். ஆனால் கொஞ்சம் பெருமைக்காரர். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி அடித்தால் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்துவிடுவார். கையில் ஒரு பாலித்தீன் பை, அதில் பத்து கோல்டு ஃபிஷ் குஞ்சுகள், ஒவ்வொன்றும் விரல் நுனி அளவு. தொட்டியின் இடது மூலையில் பையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்து எல்லாருக்கும் காட்டுவார். மோதிரத்தால் கண்ணாடியில் மூன்று தட்டு. பையின் வாயில் இருக்கும் ரப்பர் பேண்டைச் சுண்டி எடுப்பார். ஒரே கவிழ்ப்பு. அவ்வளவுதான், பல்வலிக்காரர்கள் வலியை மறந்து எழுந்துவிடுவார்கள், குழந்தைகள் நாற்காலிமேல் ஏறிவிடும். மேனேஜர் ஒவ்வொன்றாக மூலைக்கு விரட்டி விழுங்குவதை எண்ணுவார்கள்.

இதற்கென்றே வருகிற ஆட்களும் உண்டு. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் சனிக்கிழமை தவறாமல் வந்து, "கட்டுப் பல்லு லூஸா இருக்கும்மா" என்று டோக்கன் வாங்குவார். எனக்குத் தெரிந்து அவர் பல்லைவிட இறுக்கமான பல் அந்த ஆஸ்பத்திரிக்குள் வந்ததில்லை.

அந்தப் பத்து மீனையும் கடையிலிருந்து கொண்டுவருவது அக்காவின் வேலை. பஸ்ஸில் பையை மடியில் வைத்து, ஒரு நீலத் துண்டால் மூடிக்கொண்டு வருவாள். வெளிச்சம் பட்டால் மீன் மிரளும் போலிருக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டேன். டாக்டர் பையைக் கவிழ்க்கிற நேரத்தில் அக்கா பின்கட்டுக் குழாயடியில் வாளி கழுவுவாள். சில நாள் நான் எட்டிப் பார்த்திருக்கிறேன். கழுவிய வாளியையே மறுபடியும் கழுவிக்கொண்டிருப்பாள்.

இந்த வருஷம் ஒரு சனிக்கிழமை, ஒன்பதுதான் எண்ணினார்கள். பத்தாவதைக் காணோம். எல்லாரும் எண்ணிக்கையில்தான் பிசகு என்று போய்விட்டார்கள். திங்கட்கிழமை அக்கா பஞ்சைப் பிழிய வந்தாள். ஃபில்டர் பஞ்சுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி உண்டு. அதற்குள் நின்றுகொண்டிருந்தது அந்தப் பத்தாவது குஞ்சு. வெளியில் மேனேஜர் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ரோந்து போய்க்கொண்டிருந்தது.

பஞ்சை எடுத்தால் மறைப்பு போய்விடும். எடுக்காவிட்டால் வேலை முடியாது. அக்கா தண்ணீருக்குள் விட்ட கையை வெளியே எடுத்துத் துடைத்தாள். இடைவெளிக்குள் ஒரு சிட்டிகைத் தீவனத்தைத் தூவிவிட்டு, பஞ்சைத் தொடாமலே கிளம்பினாள். அடுத்த திங்கட்கிழமையும் அப்படியே. இடையில் வந்த சனிக்கிழமைக்கு வழக்கம்போல் பத்து மீன் கொண்டுவந்து கொடுத்தாள், வாளி கழுவினாள். என்னிடம்கூட ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு வாரம் பிழியாத பஞ்சு சும்மா இருக்குமா? தண்ணீர் கலங்கிவிட்டது.

அடுத்த சனிக்கிழமை ஐந்து மணிக்கு டாக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தவர் தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். அறை முழுக்க ஜனம். அக்கா அப்போதுதான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, துண்டு மூடிய பையோடு என் மேசையருகே நின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா இது? தண்ணியா, பால் டீயா?"

"பஞ்சு பிழியல சார்."

"ஏன், உடம்பு சரியில்லையா?"

"பின்னால ஒன்னு ஒளிஞ்சிருக்கு சார்."

டாக்டர் குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். "அட, கெட்டிக்காரன்! ரெண்டு வாரமா டிமிக்கி குடுத்திருக்கான். சரி, பஞ்ச எடுங்க. மேனேஜர் பார்த்துக்குவார்."

"எடுக்க மாட்டேன் சார்."

நாலு வருஷத்தில் அந்தக் கட்டடத்துக்குள் அக்கா சொன்ன முதல் 'மாட்டேன்' அது. டாக்டர் கையை நீட்டினார். "சரி, அந்தப் பையக் குடுங்க." அக்கா பையையும் கொடுக்கவில்லை. நான் கண்ணாலேயே கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை.

வாத்தியார் எழுந்து வந்தார். வகுப்பு எடுக்காமல் அவருக்கு இருப்புக் கொள்ளாது. "பெரிய மீன் சின்ன மீனத் திங்கிறது இயற்கைம்மா. ஆத்துல நடக்கல? கடல்ல நடக்கல?"

"ஆத்துல கல்லு இருக்கு சார்," என்றாள் அக்கா. "செடி இருக்கு. ஓடுறதுக்கு இடம் இருக்கு. பத்துல நாலாச்சும் தப்பிக்கும். இங்க என்ன இருக்கு? நாலு பக்கமும் கண்ணாடி. அதக்கூட நான்தான் வாராவாரம் தேய்ச்சு வைக்கிறேன், நல்லாத் தெரியட்டும்னு."

டாக்டருக்குக் கோபம் வரும் என்று பார்த்தால், அவர் முகம் வாடிப்போயிருந்தது. "நான் என்ன ஆசப்பட்டா போடுறேன்? இறால் போட்டுப் பார்த்தேன், தீவனம் போட்டுப் பார்த்தேன். தூன்னு துப்பிடுச்சு. அது உயிரோட இருக்கறதத்தான் திங்கும். பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா?"

"மூணு வாரம் குடுங்க சார். நான் திங்க வைக்கிறேன்."

"திங்கலேன்னா?"

"தொட்டி மூடிச் சாவியக் குடுத்துட்டுப் போயிடுறேன். நீங்க பழையபடி போட்டுக்குங்க."

"அதுக்குள்ள மேனேஜருக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

அக்கா தொட்டிப் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயத்தை நான் அப்போதுதான் பார்த்தேன். உள்ளங்கை அளவில் வந்த மீனைக் கை நீளத்துக்கு வளர்த்தவள் அவள்தான். ஒருமுறை அதன் கண்ணில் வெள்ளை படிந்தபோது பத்து நாள் தினமும் வந்து தண்ணீர் மாற்றிக் காப்பாற்றினாள். அவள் கை தண்ணீருக்குள் போனால் நாய்க்குட்டி மாதிரி மேனேஜர் கூடவே வரும். குஞ்சுகளுக்காக அதன் உயிரை அவள் பணயம் வைத்திருக்கிறாள் என்று அவளுக்கே அந்த நிமிஷம்தான் உறைத்திருக்க வேண்டும்.

டாக்டர் சுற்றியிருந்த ஜனத்தைப் பார்த்தார். பின்வாங்க அவருக்கும் கௌரவம் இடம் தரவில்லை. "சரி. மூணு வாரம். அதுவரைக்கும் அந்தப் பொடியன் வெளிய இருக்கட்டும். நீங்க தோத்தா அவனும் உள்ள."

அக்கா வலையை இடைவெளியில் பிடித்துக்கொண்டு பஞ்சை உயர்த்தினாள். மேனேஜர் பாய்ந்து வருவதற்குள் குஞ்சு வலையில் ஏறிவிட்டது. பஞ்சு உருண்டை போட்டுவைக்கும் பெரிய கண்ணாடி ஜாடி ஒன்றைக் கழுவி, அதில் விட்டு, என் டோக்கன் மேசையில் வைத்தாள். பையில் இருந்த பத்துக் குஞ்சுகளையும் வங்கித் தொட்டியில் விட்டுவிட்டாள். அங்கே ஏற்கெனவே எல்லாம் கோல்டு ஃபிஷ்தான், பத்தோடு பத்தாகப் போயிற்று. ஜாடியில் இருந்ததற்கு நான் மிச்சம் என்று பெயர் வைத்தேன். பெயர் வைத்திருக்கக் கூடாது. பெயர் வைத்த பிறகு அதைப் பார்க்காமல் ஒரு டோக்கன் கிழிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பிடித்தேன் ஒரு பிடி. "உனக்கென்ன கிறுக்கா? என் வேலைக்கும் சேர்த்து வேட்டு வைக்கிறியா? நாலு வருஷம் நீதானே கொண்டு போய்க் குடுத்த? இப்ப என்ன திடீர்னு? இறால் போடப் போறியா? இறால் என்ன மரத்துல காய்க்குதா?"

அக்கா முறத்தில் இறாலைப் பரப்பி உரித்துக்கொண்டிருந்தாள். "இல்ல. அதுவும் உயிர்தான்."

"அப்புறம்?"

"நமக்கு வாங்கும்போது கூட ரெண்டு வாங்குறேன். அது செத்துத்தான் வருது. அதை நான் மடியில வச்சு, எதுவும் ஆகாதுங்கற மாதிரி பஸ்ல கூட்டிட்டுப் போகல." கொஞ்ச நேரம் உரித்துவிட்டுக் கேட்டாள். "அந்தத் துண்டு எதுக்குன்னு நெனச்ச நீ?"

"மீனுக்கு வெளிச்சம் படாம இருக்க."

"எனக்குத்தான். நான் பார்க்காம இருக்க."

நாலு வருஷத்தில் எத்தனையோ சனிக்கிழமை சாயங்கால வேலைக்கு அவள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் வந்திருக்கிறேன். சீரியல் கதை சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் உட்கார்ந்து இறால் உரித்தேன்.

முதல் வாரம் அக்கா தினமும் காலையில் மற்ற தொட்டிகளுக்குப் போவதற்கு முன்னால் இங்கே வந்துவிடுவாள். மேல் மூடியின் நடுக்கதவைச் சத்தமில்லாமல் திறந்து, டாக்டர் தூக்கிப் போட்ட பழைய பல் இடுக்கியில் இறால் துண்டைப் பிடித்து நீட்டுவாள். மேனேஜர் மெல்ல எழும்பி வரும், முகர்ந்து பார்க்கும், திரும்பிப் போய்விடும். நூலில் கட்டி நீந்துகிற மாதிரி ஆட்டினாள். கவ்வியது, துப்பியது. தீவன உருண்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இரண்டாவது வாரம் மேனேஜரின் வயிறு ஒட்டிவிட்டது. செதிலில் அந்தப் பளபளப்பு குறைந்தது. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே டாக்டர் வெளியே வந்து தொட்டியைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது. வாத்தியார் இப்போது புதன்கிழமையும் வர ஆரம்பித்தார். "வாயில்லா ஜீவன், பாவம்" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்வார். நான் அவருக்குக் கடைசி டோக்கனைக் கிழித்துக் கொடுத்து, சாயங்காலம்வரை உட்கார வைத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

வீட்டில் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மூத்தார் என்னிடம் வந்து, "ஏம்மா, அந்த மீன் சாப்பிட்டாத்தான் இவ சாப்பிடுவா போலிருக்கே" என்று கவலைப்பட்டார். ஒருநாள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அக்கா என்னைக் கேட்டாள்.

"சின்னதுங்களக் காப்பாத்துறேன்னு இதக் கொல்றேனா நான்?"

தெரியவில்லை என்றே சொன்னேன்.

பத்தொன்பதாம் நாள் வியாழக்கிழமை. மத்தியானம் அறையில் இரண்டே நோயாளிகள். காலையில் நீட்டிய இறாலையும் மேனேஜர் தொடவில்லை என்று அக்கா மறுபடியும் வந்திருந்தாள். இப்போது நீட்டிய துண்டையும் அது தொடவில்லை. அவள் இடுக்கியைக் கீழே வைத்தாள். இடுப்புச் சாவிக்கொத்திலிருந்து தொட்டிச் சாவியை மட்டும் கழற்றி என் மேசையில், மிச்சத்தின் ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"டாக்டர் வெளிய வந்ததும் குடுத்துரு. நான் கடைக்குப் போயி ஒரு பை வாங்கிட்டு வரேன். ரெண்டு நாள் கூட இது தாங்காது."

"இவனையுமா?" என்று ஜாடியைக் காட்டினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. பழைய டோக்கன் சீட்டுக் கட்டு ஒன்று கையில் இருந்தது. அதில் சுற்றியிருந்த ரப்பர் பேண்டைப் பிடித்து இழுத்து, 'படக்' என்று சுண்டி எறிந்தேன். என் மேசை தொட்டியின் இடது மூலையை ஒட்டி இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கோடியில் கிடந்த மேனேஜர் அம்பாகப் பாய்ந்து இந்த மூலைக்கு வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாசல் வரைக்கும் போனவள் நின்றுவிட்டாள்.

"என்ன பண்ண நீ?"

"ஒன்னும் பண்ணல. ரப்பர் பேண்டுதான்."

"இன்னொரு தடவ பண்ணு."

மேனேஜர் சலித்துப்போய் அந்தக் கோடிக்குத் திரும்பும்வரை காத்திருந்தோம். மறுபடியும் சுண்டினேன். மறுபடியும் வந்தது. அக்கா நெருங்கிச் சென்று, மேசையில் இருந்த சாவியை எடுத்துக் கண்ணாடியில் மூன்று தட்டுத் தட்டினாள். மேனேஜர் தண்ணீர் மட்டத்துக்கு எழும்பி, மீசையை நீட்டிக்கொண்டு, கவிழப் போகும் பைக்காகக் காத்து நின்றது. பத்தொன்பது நாள் பட்டினியில் அதன் கண்ணில் அப்படி ஓர் எதிர்பார்ப்பை நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளோ என்று பயந்து குனிந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது உயிரத் தேடலடி. டாக்டரத் தேடுது. நாலு வருஷமாத் தட்டித் தட்டிப் பழக்கியிருக்கார். நான் என்னடான்னா நடுக்கதவத் திறந்து மருந்து குடுக்கற மாதிரி குடுத்துக்கிட்டிருக்கேன்."

சாவி மறுபடியும் கொத்தில் ஏறியது. அக்கா நேராகப் போய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். ஒரு நோயாளி வாயைத் திறந்தபடி கிடக்க, நடந்ததைச் சொன்னாள். டாக்டர் முகக்கவசத்தை இறக்கினார்.

"இறால் பைய வச்சுக்கிட்டு நான் நடிக்கணும்ங்கறீங்களா?"

"நடிக்க வேணாம் சார். எப்பவும் பண்றத அப்படியே பண்ணுங்க. பைக்குள்ள இருக்கறதுதான் வேற."

அவர் கையுறையைக் கழற்றினார். பிறகு, சின்னப் பையன் கேட்கிற குரலில் கேட்டார். "திங்குமாம்மா?"

"தெரியல சார்."

அந்த 'தெரியல'வைக் கேட்டுத்தான் அவர் ஒத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

சனிக்கிழமைக்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. பரப்பியது நான் என்று அக்கா சொல்வாள். நான் நாலு பேரிடம்தான் சொன்னேன். நாலரை மணிக்கே அறையில் நிற்க இடமில்லை. முப்பத்திரண்டு பல்லும் ஜம்மென்று இருக்கிறவர்கள் எல்லாம் டோக்கன் கேட்டார்கள். மூத்தார் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசல்படியில் நின்றார். வாத்தியார் முதல் வரிசையில்.

அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி வந்தாள். கையில் பை, மேலே அதே நீலத் துண்டு. உள்ளே தண்ணீரும் விரல் நுனி அளவில் நறுக்கிய பத்து இறால் துண்டுகளும். இந்தத் தடவை அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போகவில்லை. துண்டை எடுத்தாள், பையை டாக்டரிடம் கொடுத்தாள், தொட்டியை ஒட்டியே நின்றாள்.

டாக்டர் கோட்டுப் பொத்தானைப் போட்டார். இடது மூலையில் பையைக் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்தார். மோதிரத்தால் மூன்று தட்டு. ஒட்டிய வயிறோடு மேனேஜர் வந்து நின்றது. ரப்பர் பேண்டைச் சுண்டினார். கவிழ்த்தார்.

பாய்ந்தது மேனேஜர். முதல் துண்டு மறைந்தது. தாடை இரண்டு தடவை அசைந்தது. பிறகு துப்பிவிட்டது.

அறை முழுக்க "ச்சே!" என்றது. "நான் அன்னைக்கே சொல்லல?" என்றார் வாத்தியார். துண்டுகள் எல்லாம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. மேனேஜர் அசையாமல் நின்றது. டாக்டர் காலிப் பையை ஒருமுறை உதறிப் பார்த்தார். என் கை தானாகவே ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டது.

"இன்னொரு தடவ தட்டுங்க சார்," என்றாள் அக்கா. கத்தவில்லை. ஆனால் கடைசி வரிசைவரைக்கும் கேட்டது.

டாக்டர் தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று.

மேனேஜர் வாலை ஒரு சுழற்றுச் சுழற்றித் திரும்பியது. துப்பிய அதே துண்டை நடுத்தண்ணீரில் கவ்வியது. தாடை அசைந்தது. தொண்டை அசைந்தது. விழுங்கிவிட்டது.

"ஒன்னு!" என்று கத்தியது நான்தான். அப்புறம் யார் குரல் என்று சொல்ல முடியாது. ரெண்டு, மூணு, நாலு என்று குழந்தைகள் நாற்காலிமேல் குதித்தன. தரையைத் தொடப்போன துண்டைக் கூட மேனேஜர் விடவில்லை. உள்ளறையிலிருந்து ஒருவர் வாயில் பஞ்சோடும் கழுத்தில் துணியோடும் ஓடிவந்து விரலைக் காட்டி எண்ணினார். பத்தாவது துண்டு போனபோது எழுந்த சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் பயந்துபோய் எட்டிப் பார்த்தார். "பத்தும்! பத்தும்!" என்று டாக்டர் காலிப் பையைத் தலைக்குமேல் ஆட்டினார். வாத்தியார் தன்னை மறந்து வாயைப் பிளந்து கைதட்டினார், மேல்வரிசைக் கட்டுப் பல் தெறித்துத் தரையில் விழுந்தது. அந்தப் பல் உண்மையிலேயே லூஸ்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். முதல் டோக்கனை அவருக்கே கொடுத்தேன்.

அக்கா கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். மேனேஜர் வந்து கைக்கு நேரே நின்றது. அவள் சிரித்தாள், அழுதாள், எது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நானும் அழுதுகொண்டிருந்தேன். என் அக்கா ஜெயித்துவிட்டாள். எட்டாவதில் பெயிலாகி, பாசி தேய்த்துத் தேய்த்து விரல் நுனியெல்லாம் வெடித்துப்போன என் அக்கா, அத்தனை பேருக்கு முன்னால் ஜெயித்துவிட்டாள். அன்று வீட்டில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

சனிக்கிழமைக் காட்சி இப்போதும் நடக்கிறது, இறாலோடு. கூட்டம் ஒன்றும் குறையவில்லை. மற்ற டாக்டர்களிடம் போனில், "நான்தான்ப்பா பழக்கினேன்" என்று டாக்டர் சொல்வது என் காதில் விழும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "சொல்லிக்கட்டும். அப்பதான் அவங்களும் செய்வாங்க" என்கிறாள் அக்கா. வக்கீல் ஆபீஸ் தொட்டியிலும் உயிர் மீன் போடுவது நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய மீன் திரும்பி நீந்த ஆறடி போதுமா என்று போன வாரம் அவள் டாக்டரை ஒரு கேள்வி கேட்டு வைத்தாள். அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை. மனிதர் இப்போது டேப்பை வைத்துச் சுவரை அளந்துகொண்டிருக்கிறார்.

மிச்சம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. ஜாடி அதற்குப் போதாது என்று மூத்தாரே ஒரு தொட்டி வாங்கிக் கூடத்தில் வைத்தார். அடியில் ஒளிய நாலு கல்லும் ஒரு செடியும் போட்டது அக்கா. ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மாற்றுவது மூத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "பெரிய வேலைதான்" என்பார், யாரும் கேட்காமலே.

மிச்சத்துக்குத் துணை வேண்டும் என்று நேற்று அக்காவும் நானும் கடைக்குப் போனோம். தனித்தொட்டியில் நெருக்கியடித்து நின்ற அதே தீனிக் குஞ்சுகளில் ஒன்றைக் கை காட்டினாள். கடைக்காரர் பையில் காற்றடைத்து ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். பழக்கத்தில் நான் அவள் கைப்பையைத் துழாவினேன்.

"துண்டு எங்கக்கா?"

"வாளி தொடைக்கப் போட்டுட்டேன்."

வெயில் நேரே பையில் விழுந்தது. உள்ளே இருந்தது நெருப்புத் துண்டு மாதிரி ஜொலித்தது. முன் சீட்டில் இருந்த அம்மா திரும்பிப் பார்த்து, "அழகா இருக்கே, எதுக்குங்க இது?" என்று கேட்டார்.

"வளர்க்கத்தான்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுப் பையை மடியிலிருந்து தூக்கி, பஸ்ஸில் இருந்த எல்லாருக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டாள்.